எக்ஸ்பியிலிருந்து விண்டோஸ் 11க்கு: திருகோணமலைச் சங்கமொன்றின் கணக்கு மென்பொருள் இடம்மாறிய நிகழ்வு ஆய்வு

திருகோணமலை நகரக் கரையோரத்தில் இயங்கும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கமொன்று தன் சேமிப்பு, பங்குப்பணம், கடன் கணக்குகளை 2001 முதல் ஒரே மென்பொருளில் வைத்திருக்கிறது. அதை எழுதியவர் அந்நாளில் நகரத்தில் கணினி வகுப்பு நடத்திய இளைஞர். பின்னர் வெளிநாடு போய்விட்டார். மென்பொருளைத் திருத்தத் தேவையான மூலநிரல் அவரிடமும் இல்லை, சங்கத்திடமும் இல்லை. நிறுவல் வட்டும் இல்லை. இருந்தவை இயங்கும் கோப்பு, தரவுக் கோப்பு, அவை குடியிருந்த, விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பென்டியம் 4 கணினி ஆகிய மூன்றும்தான். மதர்போர்ட்டில் கப்பாசிட்டர்கள் வீங்கி, காலையில் பலமுறை அழுத்தினால்தான் கணினி எழும்பும் என்ற நிலை வந்தபோது நிர்வாகக் குழு புதிய கணினிக்குப் பணம் ஒதுக்கியது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடியும் என்று மைக்ரோசொஃப்ட் அறிவித்திருந்தபடியால், விண்டோஸ் 11 உள்ள கணினியாகப் பார்த்து வாங்கினார்கள். பழைய மென்பொருளை அதில் ஓடவைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

"இவ்வளவு பழசை ஏன் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும், புதிதாக ஒன்று வாங்கலாமே" என்று குழுவில் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தச் சங்கத்துக்கு ஒரு தனி வரலாறு இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று வந்த கடல் அலுவலகத்துக்குள் புகுந்தபோது பேரேடுகள், உறுப்புரிமைப் பதிவேடு, கடன் பத்திரங்கள் எல்லாம் போயின. அப்போதிருந்த கணினியும் உப்புநீரில் ஊறிப் பழுதானது. தப்பியவை, காசாளர் அக்கா வேலை முடிந்ததும் வீட்டுக்கு எடுத்துப்போகும் பையில் இருந்த ஃப்ளாப்பி வட்டுகள். ஒவ்வொரு நாளும் கணக்கு மூடும்போது மென்பொருள் தரவைச் சுருக்கிப் பல வட்டுகளாகப் பிரித்து எழுதும். அந்த வட்டுகளை வைத்துத்தான் 2005இல் நன்கொடையாகக் கிடைத்த பென்டியம் 4 கணினியில் கணக்கை மீண்டும் எழுப்பினார்கள். அலையில் இறந்துபோன அங்கத்தவர்களின் சேமிப்பு எவ்வளவு, அது யாருக்குச் சேர வேண்டும் என்பதற்கு இன்றைக்கும் அந்தத் தரவுக் கோப்பைத் தவிர வேறு சாட்சி கிடையாது. அதை ஒரு புதிய மென்பொருளுக்குள் அவசரமாகக் கொட்டிவிட்டு, எது சரியாக வந்தது எது வரவில்லை என்று பிறகு பார்க்கலாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. முதலில் பழையது பழையபடியே ஓட வேண்டும். அது ஓடினால்தான் எந்த மாற்றத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் கையில் இருக்கும்.

பழைய கணினி உயிரோடு இருக்கும்போதே

இந்த மாதிரி வேலைகளில் எல்லாரும் நேரே நிறுவலுக்குப் போய்விடுகிறார்கள். திரையில் மென்பொருள் திறந்ததும் வேலை முடிந்தது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறார்கள். கணக்கு மென்பொருளுக்கு இது மிக ஆபத்தான பழக்கம். மென்பொருள் திறந்ததற்கும் கணக்குச் சரியாக ஓடியதற்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது. அந்த இடத்தில் ஒரு விதவையின் சேமிப்பு தொலைந்தால் யாருக்கும் உடனே தெரியாது.

ஆகவே புதுக் கணினியைப் பெட்டியிலிருந்து எடுப்பதற்கு முன்பே பழைய கணினியில் ஒரு திகதியை நிர்ணயித்து நிலுவைப் பட்டியலை அச்சிட்டோம். ஒவ்வொரு அங்கத்தவருக்கும் பங்குப்பணம், சேமிப்பு மீதி, கடன் முதல், அன்றுவரை சேர்ந்த வட்டி, கடைசியில் மொத்தங்கள். தலைவரும் பொருளாளரும் ஒவ்வொரு தாளிலும் கையொப்பமிட்டார்கள். இதில் வட்டிக் கலம்தான் எனக்கு முக்கியம். சேமிப்பு மீதி சேமித்துவைத்த எண். அதைக் கோப்பிலிருந்து அப்படியே எடுத்துக் காட்டினாலே போதும். வட்டியை மென்பொருள் அந்தந்த நேரத்தில் கணிக்க வேண்டும். கடன் கொடுத்த திகதி, கட்டிய தவணைகள், நாள் எண்ணிக்கை, சதம் எப்படி முழுமையாக்கப்படுகிறது என்பதெல்லாம் அதற்குள் ஒரே இடத்தில் வந்து கூடுகின்றன. எது கோணினாலும் வட்டி காட்டிக்கொடுத்துவிடும்.

அதன் பிறகு வன்தட்டைக் கழற்றினேன். பழைய ஐ.டி.இ வகை. நாற்பது ஊசிகளிலும் பச்சையாகப் பூஞ்சணம்போல் களிம்பு படர்ந்திருந்தது. கடற்காற்றுப் படும் அலுவலகங்களில் கணினி திறந்தால் அநேகமாக இதுதான் காட்சி. ஊசிகளைச் சுத்தம்செய்து, யூ.எஸ்.பி மாற்றி வழியாக லினக்ஸ் கணினியில் இணைத்து, டிடிரெஸ்கியூ என்ற கருவியால் தட்டு முழுவதையும் படிமமாக, அதாவது அதிலுள்ள எல்லாவற்றையும் அப்படியே கொண்ட ஒரே கோப்பாக, எடுத்தேன். வாசிக்க முடியாத பகுதிகளை அது குறித்துவைத்து, நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டுப் பிறகு திரும்பி வரும். நலிந்த தட்டுக்கு இதுவே பாதுகாப்பான வழி. வழமையான கோப்பு நகலெடுப்பு ஒரு கெட்ட பகுதியில் முட்டிக்கொண்டு திரும்பத் திரும்பத் தட்டை வருத்தும். படிமத்தின் இரண்டு பிரதிகளில் ஒன்று தலைவர் வீட்டுக்குப் போயிற்று. அதன் பிறகு செய்த சோதனை எதுவும் மூலத் தட்டைத் தொடவில்லை.

எந்த வழி

எக்ஸ்பியை அப்படியே ஒரு மெய்நிகர் கணினிக்குள், அதாவது மென்பொருளால் உண்டாக்கிய கணினிக்குள், ஏற்றி, விண்டோஸ் 11க்குள் ஒரு சாளரமாக ஓடவிடலாம் என்பது பலர் சொல்லும் தீர்வு. தொழில்நுட்ப ரீதியில் முடியும். ஆனால் இந்த எக்ஸ்பியின் உரிமம் பழைய கணினியோடு பிணைக்கப்பட்டது. வன்பொருள் மாறினால் மறுபடி செயற்படுத்தக் கேட்கும். எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8 உடன் நின்றுவிட்டன. எல்லாவற்றையும்விட, காசாளர் அக்கா தினமும் இரண்டு விண்டோஸை நடத்த வேண்டிவரும். எது உள்ளே, எது வெளியே, பிரிண்டர் யார் கையில் என்ற குழப்பம் வரிசையில் அங்கத்தவர்கள் நிற்கும் நேரத்தில் வரும். வேறு வழியே இல்லாவிட்டால் மட்டும் அதற்குப் போவது என்று ஒதுக்கிவைத்தேன்.

இயங்கும் கோப்பை ஆராய்ந்தபோது நல்ல செய்தி கிடைத்தது. அது விஷுவல் பேசிக் 6இல் எழுதப்பட்ட 32-பிட் நிரல். தரவு மைக்ரோசொஃப்டின் ஆக்சஸ் 97 தரவுத்தள வடிவத்தில், அதை வாசித்து எழுதும் ஜெட் 3.5 இயந்திரத்தில். 64-பிட் விண்டோஸ் 32-பிட் நிரல்களை இன்னும் ஓட்டும். 16-பிட் நிரல்களை ஓட்டாது. டொஸ் நிரல்களை ஓட்ட முந்திய விண்டோஸ் பயன்படுத்திய மெய்நிகர் 8086 முறை, செயலி 64-பிட் முறையில் இருக்கும்போது கிடைப்பதில்லை. மைக்ரோசொஃப்டும் அதற்கு மாற்று எதையும் 64-பிட் பதிப்பில் வைக்கவில்லை. விண்டோஸ் 11க்கு 32-பிட் பதிப்பே கிடையாது. விஷுவல் பேசிக் 6 நிரல் ஓடத் தேவையான அடிப்படை நூலகம் விண்டோஸ் 11உடனேயே வருகிறது. ஆகவே நேரடியாகவே ஓடவைக்க முடிவெடுத்தோம்.

அடிப்படை நூலகம் இருந்தாலும், மென்பொருள் பயன்படுத்திய ஓ.சி.எக்ஸ் எனப்படும் துணைப் பாகங்களும் ஜெட் 3.5 கோப்புகளும் புதுக் கணினியில் இல்லை. தொடக்கத்திலேயே ஒரு பாகம் பதிவு செய்யப்படவில்லை என்று செய்தி வந்து நின்றது. நிறுவல் வட்டு இல்லாதபடியால் படிமத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவந்து பதிவுசெய்ய வேண்டியிருந்தது. இங்கே பலர் தடுக்கிவிழும் ஓர் இடம் உண்டு. 64-பிட் விண்டோஸில் 'சிஸ்டம்32' என்ற கோப்புறையில் இருப்பவை 64-பிட் கோப்புகள். 32-பிட் கோப்புகள் 'சிஸ்வவ்64' (SysWOW64) என்ற கோப்புறையில் இருக்கின்றன. பெயரைப் பார்த்தால் மறுதலையாகத் தோன்றும். பழைய பாகங்களை இரண்டாவதில் வைத்து, அதே கோப்புறையில் உள்ள பதிவுக் கருவியை நிர்வாகி உரிமையோடு ஓட்டிப் பதிவு செய்தால் காரியம் ஆகும். மென்பொருள் திறந்தது. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவைப் பழைய கணினியிலிருந்து எடுத்துப் போட்டதும் அங்கத்தவர் பெயர்கள் தமிழில் தெரிந்தன. அலுவலகத்தில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. உண்மையான வேலை அதன் பிறகுதான் தொடங்கிற்று.

காணாமற்போன வரவு

ஒத்திகைக்காகப் பழைய கணினியும் புதிய கணினியும் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. ஒரே வரவுகளை இரண்டிலும் பதிந்தார்கள். ஒரு நாள் காலை காசாளர் அக்கா கூப்பிட்டார்.

"தம்பி, நேற்றுப் பின்னேரம் செயலாளர் ஐயா போட்ட வரவு ஒன்றும் இதுல காணேல்ல. அவர் தான் போட்டதெண்டு சொல்றார்."

செயலாளர் தன் பெயரில் உள்ளே நுழைந்து திறந்து காட்டினார். அவர் போட்டவை எல்லாம் இருந்தன. ஆனால் அன்று காலை அக்கா போட்டவை அவருடைய திரையில் இல்லை. ஒரே கணினி, ஒரே மென்பொருள், ஒரே கோப்புப் பாதை. மீதி மட்டும் இரண்டு. நிர்வாகி உரிமையோடு நான் திறந்தபோது இரண்டு பேரும் போட்டது எதுவுமே இல்லாத மூன்றாவது கணக்கு ஒன்று தெரிந்தது.

காரணம் இதுதான். மென்பொருளையும் தரவையும் விண்டோஸின் 'புரோகிராம் ஃபைல்ஸ்' கோப்புறைக்குள் வைத்திருந்தது. விண்டோஸ் விஸ்டா தொடக்கம் சாதாரணப் பயனர் எவரும் அந்தக் கோப்புறைக்குள் எழுத முடியாது. ஆனால் 1990களின் நிரல்கள் தங்கள் கோப்புறைக்குள்ளேயே எழுதப் பழகியவை. அவை உடைந்துபோகாமல் இருக்க விண்டோஸ் ஓர் ஏற்பாடு செய்துவைத்திருக்கிறது. அப்படிப்பட்ட பழைய 32-பிட் நிரல் எழுத முயன்றால் தடுக்காமல், அந்தக் கோப்பின் பிரதி ஒன்றைப் பயனரின் சொந்தக் கோப்புறைக்குள் 'வெர்ச்சுவல் ஸ்டோர்' என்ற இடத்தில் உண்டாக்கி, எழுத்தை அங்கே திருப்பிவிடும். நிரலுக்கு எதுவும் தெரியாது. பழைய பாதையில்தான் எழுதுவதாக அது நினைக்கும். பயனருக்கும் தெரியாது. இரண்டு காசாளர்கள் ஒரே அட்டையுள்ள இரண்டு பேரேடுகளில் ஆளுக்கொன்றாக எழுதிக்கொண்டு, இருப்பது ஒன்றுதான் என்று நம்புவதைப் போன்றது இது.

ஒரு வீட்டுக் கணினியில் ஒரே பயனர் மட்டும் இருந்தால் இந்த ஏற்பாடு எந்தத் தொல்லையும் தராது. சங்கம், மருந்துக்கடை, பள்ளிக்கூட அலுவலகம் என்று பலர் மாறி மாறி உட்காரும் இடங்களில் இது கணக்கையே பிளந்துவிடும். மோசமான பகுதி என்னவென்றால், எந்தப் பிழைச் செய்தியும் வராது. ஒத்திகை இல்லாமல் நேரே மாறியிருந்தால் மாத முடிவில்தான் தெரிந்திருக்கும். அதற்குள் எந்தப் பிரதி உண்மையானது என்று பிரித்தெடுக்கவே முடியாமல் போயிருக்கும்.

தீர்வு எளிது. மென்பொருளையும் தரவையும் அந்தக் கோப்புறையிலிருந்து வெளியே எடுத்து, சி வட்டின் தொடக்கத்தில் தனிக் கோப்புறையில் வைத்து, கணக்கில் கைவைக்கும் பயனர்களுக்கு மட்டும் எழுதும் உரிமை கொடுத்தேன். தரவுப் பாதை ஓர் அமைப்புக் கோப்பில் இருந்ததால் அதை மாற்ற முடிந்தது. பயனர்களின் 'வெர்ச்சுவல் ஸ்டோர்' பிரதிகளைப் பெயர்மாற்றித் தனியே எடுத்துவைத்துவிட்டு, ஒத்திகை வரவுகளைப் பற்றுச்சீட்டு அடிக்கட்டைகளைப் பார்த்து மீண்டும் பதிந்தார்கள். இந்தப் பிரதிகளை அழிக்காமல் வைத்திருப்பது நல்லது. எப்போதாவது யாராவது "நான் போட்டேன்" என்றால் திறந்து பார்க்கலாம்.

ஏழாம் திகதி பத்தாம் மாதமா, பத்தாம் திகதி ஏழாம் மாதமா

தரவு ஒன்றான பிறகு, கையொப்பமிட்ட நிலுவைப் பட்டியலோடு புதிய பட்டியலை வரிவரியாக ஒப்பிட்டோம். பங்குப்பணம் சரி. சேமிப்பு சரி. கடன் முதலும் சரி. வட்டி மட்டும் சிலருக்குக் கூடியும் சிலருக்குக் குறைந்தும் வந்தது. பெரும்பாலானவர்களுக்குச் சதம் பிசகாமல் இருந்தது.

பிசகிய கணக்குகளை ஒரு தாளில் வரிசையாக எழுதியபோது ஒற்றுமை தெரிந்தது. அவர்கள் எல்லாரும் மாதத்தின் முதல் 12 நாட்களுக்குள் கடன் எடுத்தவர்கள். 12ஆம் திகதிக்குப் பிறகு எடுத்தவர் ஒருவரும் அந்தத் தாளில் இல்லை.

தரவு அட்டவணையைத் திறந்து பார்த்தால், எழுதியவர் கடன் திகதியைத் திகதி வகையாக வைக்காமல் வெறும் எழுத்தாக, நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் வைத்திருந்தார். வட்டி கணிக்கும்போது விஷுவல் பேசிக் அந்த எழுத்தைத் திகதியாக மாற்றும். எந்த வரிசையில் வாசிப்பது என்பதற்கு அது விண்டோஸின் பிராந்திய அமைப்பைப் பார்க்கும். பழைய கணினி இங்கிலாந்து முறையில் இருந்தது. புதியது கடையிலிருந்து அமெரிக்க முறையில் வந்தது. ஆகவே ஒக்டோபர் 7 என்று எழுதிய திகதி ஜூலை 10 ஆயிற்று. மூன்று மாத வட்டி அதிகம். ஒக்டோபர் 15ஐ அப்படி வாசிக்க முடியாது, பதினைந்தாம் மாதம் இல்லையே. அப்போது விஷுவல் பேசிக் மௌனமாக வரிசையை மாற்றிச் சரியாக வாசித்துவிடும். முழுவதும் தவறாக வந்திருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும். இப்படிப் பாதி சரியாக வருவதுதான் இந்தக் கோளாற்றை ஒளித்துவைக்கிறது. அவுட்போர்ட் எஞ்சினுக்குக் கடன் எடுத்த ஒருவரிடம் மூன்று மாத வட்டியைக் கூடுதலாகக் கேட்டால் அவர் எதை வைத்து மறுப்பார்?

பிராந்திய அமைப்பில் குறுகிய திகதி முறையை நாள், மாதம், நான்கு இலக்க ஆண்டு என்று மாற்றியதும் பட்டியல் முழுவதும் பொருந்திற்று. இந்த அமைப்பு ஒவ்வொரு பயனர் கணக்குக்கும் தனித்தனியானது. காசாளருக்கு மாற்றினால் செயலாளருக்கு மாறாது. இருவருக்கும் மாற்றி, இனி உண்டாக்கும் புதிய பயனர் கணக்குகளுக்கும் அதுவே வரும்படி செய்தேன்.

இதைப் பார்க்கும்போதே அடுத்த பொறி ஒன்றும் கண்ணில் பட்டது. ஆண்டை இரண்டு இலக்கத்தில் தட்டினால் விஷுவல் பேசிக் 6 வழமையாக 00 முதல் 29 வரை 2000களாகவும், 30 முதல் 99 வரை 1900களாகவும் எடுத்துக்கொள்ளும். 2025இல் கொடுக்கும் ஐந்து வருட வள்ளக் கடனின் கடைசித் தவணை 2030இல் விழுகிறது. அங்கே '30' என்று தட்டினால் 1930. இதுவரை யாருக்கும் தொல்லை தராத பழக்கம் இனித் தரும். அந்தப் பெட்டி நான்கு இலக்கத்தையும் ஏற்கிறது என்பதைச் சோதித்து, நான்கு இலக்கத்தில் மட்டுமே தட்ட வேண்டும் என்று எழுதித் திரையின் அருகில் ஒட்டிவைத்திருக்கிறோம்.

பிரிண்டர்

பற்றுச்சீட்டு அச்சடிக்க மென்பொருள் நேரே எல்.பி.டி 1 என்ற பழைய பிரிண்டர் வாசலைத் திறந்து எழுதும். சங்கத்தின் பெயரும் தமிழ்த் தலைப்புகளும் தொடர்தாளில் முன்பே அச்சிடப்பட்டவை. மென்பொருள் அனுப்புவது இலக்கங்களும், தாளின் நீளத்தைச் சொல்லும் எப்சன் கட்டளைகளும் மட்டுமே. புதுக் கணினியில் அந்த வாசல் இல்லை. சங்கத்தார் யூ.எஸ்.பி–பெரலல் கேபிள் ஒன்றை வாங்கிவைத்திருந்தார்கள். அது பிரிண்டரை யூ.எஸ்.பி வாசலாகத்தான் காட்டும், எல்.பி.டி 1 உண்டாகாது. யூ.எஸ்.பி உள்ள டொட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை நிறுவி, அதை அதே கணினியிலேயே பகிர்ந்து, 'நெட் யூஸ்' கட்டளையால் எல்.பி.டி 1ஐ அந்தப் பகிர்வுக்குத் திருப்பிவிட்டால் போதும். மென்பொருள் அனுப்பும் கட்டளைகள் மாறாமல் அப்படியே பிரிண்டருக்குப் போகும். கட்டளையை அந்தந்தப் பயனரின் சாதாரணச் சாளரத்தில் கொடுக்க வேண்டும். நிர்வாகிச் சாளரத்தில் கொடுத்தால் மென்பொருளின் கண்ணுக்கு அது தெரியாது.

பிரதி எடுத்ததாகச் சொன்ன பொத்தான்

நாள் முடிவில் 'பிரதி எடு' என்ற பொத்தானை அழுத்தினால் "பிரதி எடுக்கப்பட்டது" என்று செய்தி வரும். புதுக் கணினியிலும் வந்தது. எந்த வட்டும் செருகாமலே வந்தது.

பொத்தான் உள்ளே அழைப்பது ஏ.ஆர்.ஜே என்ற டொஸ் காலத்துச் சுருக்கு நிரலை. பெரிய கோப்பைப் பல ஃப்ளாப்பிகளாகப் பிரிப்பதில் அந்நாளில் பேர்போனது. 2004இல் சங்கத்தின் கணக்கைக் காப்பாற்றியது இதே நிரல்தான். அது 16-பிட். விண்டோஸ் 11 அதைத் தொடங்கவே மாட்டாது. தொடங்காததைக் கவனிக்காமல் மென்பொருள் அடுத்த வரிக்குப் போய் வெற்றிச் செய்தியைக் காட்டிவிடுகிறது. மூலநிரல் இல்லாமல் அந்தப் பொத்தானைத் திருத்த வழியில்லை.

இதைப் பற்றி நான் குழுக் கூட்டத்தில் எழுந்து நின்று பேசினேன். மற்றக் கோளாறுகள் எல்லாம் கணக்கைப் பிசகவைக்கும், பிசகினதைத் தேடித் திருத்தலாம். இது கணக்கே இல்லாமற் போகும் நாளில்தான் தன்னைக் காட்டும். இந்தக் கரையில் இருப்பவர்களுக்கு அந்த நாள் எப்படி இருக்கும் என்று சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியபோதுகூட அக்கா பிரதியைப் பையில் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குப் போயிருந்தார்.

இப்போது பிரதி எடுப்பது மென்பொருளின் வேலை அல்ல, விண்டோஸின் வேலை. மென்பொருள் மூடியிருக்கும் நேரத்தில் திட்டமிட்ட பணி ஒன்று தரவுக் கோப்பை நாளின் திகதியுள்ள பெயரோடு யூ.எஸ்.பி வட்டுக்கு நகலெடுக்கும். நகலின் அளவைச் சரிபார்த்துவிட்டுத் திரையில் காட்டும். வட்டு இல்லாவிட்டால் சிவப்பில் சொல்லும். இரண்டு வட்டுகள் மாறி மாறி வீட்டுக்குப் போகின்றன. மாதம் ஒருமுறை அவற்றில் ஒன்றை வேறு கணினியில் திறந்து மீதியை வாசித்துப் பார்க்கிறார்கள்.

பெயர்கள்

மென்பொருள் ஓடினாலும் என்றோ ஒருநாள் இதை விட்டுப் போகத்தான் வேண்டும். போகும்போது பெயர்களை எடுத்துக்கொண்டு போக முடியுமா என்பதே என் கவலை. பாமினியில் சேமித்த பெயர் உண்மையில் தமிழாகச் சேமிக்கப்படவில்லை. 'மலை' என்ற சொல் கோப்புக்குள் கே, ஐ, வை என்ற மூன்று ஆங்கில எழுத்துகள். எழுத்துருவை எடுத்துவிட்டால் எஞ்சுவது அதுதான். எதிர்காலத்து மென்பொருள் எதற்கும் அது அர்த்தமாகாது.

எம்.டி.பி டூல்ஸ் என்ற கட்டற்ற கருவி ஆக்சஸ் 97 கோப்பை லினக்ஸில் வாசிக்கும். பிரதியிலிருந்து அட்டவணைகளை எடுத்து, பெயர், விலாசக் கலங்களை மட்டும், தமிழைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோடுக்கு மாற்றினேன். புதிய ஆக்சஸைக் கொண்டு மூலக் கோப்பைத் திறக்க யாரும் முயலக்கூடாது. 2013 பதிப்பு முதல் அது 97 வடிவத்தை ஏற்பதில்லை. இடைப்பட்ட பதிப்பு ஒன்றில் யாராவது புதிய வடிவத்துக்கு மாற்றிவிட்டாலோ பழைய மென்பொருள் அதைத் திறக்காது.

மாற்றும்போது மூன்று இடங்களில் நின்று நிதானிக்க வேண்டியிருந்தது. பாமினியில் கொம்பு எழுத்துக்கு முன்னால் தட்டப்படும். 'கோ' என்பதற்கு முதலில் கொம்பு (ே), பிறகு க, பிறகு அரவு (ா). யூனிகோடில் க முதலில் வர வேண்டும். இது பொதுவான மாற்றிகள் எல்லாம் செய்வதுதான். அடுத்தது 'ர்'. தட்டச்சுப் பழக்கத்தில் சிலர் ர-வும் புள்ளியும் தட்டுவார்கள், சிலர் அரவும் புள்ளியும் தட்டுவார்கள். திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே தெரியும். கோப்பில் இரண்டு வேறு சொற்கள். 'குமார்' என்று தேடினால் பாதிக் குமார்கள் வராமல் இருந்ததற்கும், ஒரே ஆள் இரண்டு அங்கத்தவராகப் பதியப்பட்டிருந்ததற்கும் இதுவே காரணம். தமிழில் அரவுக்குப் பின்னால் புள்ளி வர வாய்ப்பே இல்லாததால், அரவும் புள்ளியும் சேர்ந்து வரும் இடமெல்லாம் 'ர்' என்று தயங்காமல் மாற்றலாம். மூன்றாவதுக்குக் கண்தான் வேண்டும். 'கௌரி'யும் 'கெளரி'யும் பாமினியில் ஒரே தட்டல். 'கௌரி', 'சௌந்தரி' போன்ற பெயர்களை ஒதுக்கியெடுத்து அக்காவே பார்த்துத் திருத்தினார். அவருக்கு ஆட்களைத் தெரியும்.

தேடலில் இன்னொரு விசித்திரமும் இருந்தது. பாமினியில் 'ம' சிறிய கே, 'மு' பெரிய கே. ஜெட் இயந்திரம் சிறிய, பெரிய ஆங்கில எழுத்துகளை வேறுபடுத்தாது. ஆகவே 'மத' என்று தேடினால் 'முத்து'வும் வந்து நிற்பார். கோளாறு என்று நினைத்து யாரும் எதையும் திருத்தப் போகக்கூடாது என்பதற்காக இதை இங்கே எழுதிவைக்கிறேன்.

அடையாள அட்டை இலக்கத்துக்கு மென்பொருள் வைத்த இடம் பத்து எழுத்து. ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும் இருந்த காலத்தில் போதுமானது. 2016இல் பன்னிரண்டு இலக்க அட்டை வந்த பிறகு புதிய அங்கத்தவர்களின் இலக்கத்தை விலாசத்தின் கடைசி வரியில் எழுதிவந்திருக்கிறார்கள். ஏற்றுமதியில் விலாசத்துக்குள் தொடர்ந்து பன்னிரண்டு இலக்கம் வந்தால் அதை எடுத்துத் தனிக் கலத்தில் போட்டேன். பழைய இலக்கங்களைப் புதிய வடிவத்துக்கு மாற்றும் சூத்திரம் உண்டு. முன்னால் 19, ஐந்தாம் இலக்கத்துக்குப் பின் ஒரு பூச்சியம், கடைசி எழுத்தை விட்டுவிடுவது. நான் மாற்றவில்லை. கடன் பத்திரத்தில் எது எழுதியிருக்கிறதோ அதுவே கணக்கிலும் இருக்க வேண்டும்.

இப்போது

வாடைக் காற்று தொடங்கி வள்ளங்கள் கரையேறியிருந்த காலத்தில், அங்கத்தவர்கள் வீட்டில் இருக்கும்போது சேமிப்புப் புத்தகங்களைக் கொண்டுவரச் சொல்லி, புத்தகத்தையும் புதிய கணினியையும் கையொப்பமிட்ட பட்டியலையும் மூன்றாக வைத்துப் பார்த்தார்கள். புத்தகம் கொண்டுவந்தவர்களின் கணக்குகள் பொருந்தின. அதன் பிறகே பழைய கணினியை நிறுத்தினோம்.

அன்றாட வேலை விண்டோஸ் 11இல் பழைய மென்பொருளிலேயே நடக்கிறது. ஒவ்வொரு மாத முடிவிலும் யூனிகோடு ஏற்றுமதி ஒன்று எடுத்து, அதன் மொத்தங்கள் மென்பொருளின் மொத்தங்களோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்த்து இரண்டு வட்டுகளிலும் சேர்க்கிறார்கள். புதிய மென்பொருள் எழுதுவதா வாங்குவதா என்பதைக் குழு அடுத்த பொதுக்கூட்டத்துக்கு விட்டிருக்கிறது. எந்த வழியானாலும் அதற்குத் தேவையான தரவு இப்போது தமிழிலேயே இருக்கிறது. பிணையாளிகளின் அட்டவணை மட்டும் இன்னும் மாற்றப்படவில்லை. அதில் ஒரே கலத்துக்குள் இரண்டு பெயர்களைச் சேர்த்து எழுதும் பழக்கம் இருந்திருக்கிறது. பிரித்தெடுக்கக் கடன் பத்திரங்களை ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். 2004க்கு முந்திய கடன்களுக்குப் பத்திரம் இல்லாததால், அவற்றை ஊரில் மூத்த அங்கத்தவர்களை உட்காரவைத்துக் கேட்டுத்தான் பிரிக்க வேண்டும். அந்த வேலையை அக்கா தொடங்கியிருக்கிறார்.